கிராதிக்குப் பின்னால் ஒலித்த பிடில்

கச்சேரி மேடையில் பாடகர் ஓர் இராகத்தை எடுத்து விரித்துக்கொண்டே போக, அவர் பக்கத்தில் அமர்ந்து நிழல்போல் பின்பற்றி வருகின்ற பிடிலை அறியாத தமிழர் இலர். அஃது இன்று நமது சங்கீதத்தின் அங்கமாகிவிட்டது. ஆயினும் பிறப்பால் அது நம் நாட்டதன்று. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலி தேசத்தின் வடபகுதியில், கிரெமோனா, பிரெஷியா முதலிய ஊர்களில் உருப்பெற்று, பின்னர் ஐரோப்பியரோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) அதனைக் கற்று நமது இராகங்களை அதில் வாசிக்கலானார். அயலார் கருவி என்று அவர் அதனை ஒதுக்கியிருப்பாராயின் நட்டம் நம்முடையதாகவே இருந்திருக்கும். நல்லது எங்கிருந்து வரினும் கொள்ளத்தக்கது என்பதற்கு இஃதொரு சான்று.

ஆனால், பிடிலின் வரலாற்றைச் சொல்வது நமது நோக்கமன்று. அந்தப் பிடிலைக் கையிலேந்தி ஐரோப்பா முழுவதையும் வியக்கவைத்த பெண்மக்கள் சிலருடைய வரலாற்றையே இவ்வாரம் நேயர்கள் முன் வைக்க விழைகின்றோம். அவர்களுக்குத் தந்தை பெயர் இல்லை. தாய் பெயர் இல்லை. குலமும் இல்லை, குடும்பமும் இல்லை. பிறந்த சில நாளில் கைவிடப்பட்டவர்கள் அவர்கள். இசை பரம்பரைச் சொத்து, அஃது இரத்தத்தில் ஊறி வரவேண்டும், இன்ன குடியிற் பிறந்தவர்க்கே அது வாய்க்கும் என்று பேசுவோர் நம்மவருள் இன்றும் உளர். அன்னார் இந்த வரலாற்றைச் சற்றுப் பொறுமையோடு கேட்பாராக.

வெனிஸும் மலாக்காவும்

வெனிஸ் என்பது இத்தாலியின் வடகிழக்கில், கடற்கழியின் நடுவே அமைந்த நகரம். தெருக்களின் இடத்தில் வாய்க்கால்களும், வண்டிகளின் இடத்தில் படகுகளும் உள்ள ஊர். மன்னன் இல்லாத குடியரசாகப் பல நூற்றாண்டுகள் தன்னைத்தானே ஆண்டுகொண்டது. மலையாளக் கரையின் மிளகும், கீழ்த்திசைத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் அராபிய வணிகர் கைவழியாக எகிப்து முதலிய நாடுகளை அடைய, அங்கிருந்து அவற்றை வாங்கி ஐரோப்பாவெங்கும் விற்றவர்கள் வெனிஸ் வணிகர்கள். அந்த வாணிகமே நகரின் பெருஞ் செல்வம்.

1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கடல்வழியாகக் கள்ளிக்கோட்டையை அடைந்ததும், 1511-ஆம் ஆண்டில் போர்த்துகேசியர் நம் மலாக்காவைக் கைப்பற்றியதும் அச்செல்வத்தின் வேரில் விழுந்த வெட்டுகளாம். அக்காலத்தில் மலாக்காவில் சில ஆண்டுகள் தங்கியிருந்த தொமே பிரேஸ் என்னும் போர்த்துகேசியர், மலாக்காவை ஆள்பவர் நினைத்தால் வெனிஸை மூச்சுத் திணற வைக்கலாம் என்னும் கருத்துப்பட எழுதிவைத்தார். இவ்வளவு தொலைவிலுள்ள இரண்டு துறைமுகங்களின் வாழ்வும் தாழ்வும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தமையை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகின்றது.

வெட்டு விழுந்த மரம் உடனே சாய்ந்துவிடவில்லை. வாணிகம் சிறிது சிறிதாகத் தேய்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு பிறந்தபோது வெனிஸ் பழைய வல்லரசாக இல்லை. ஆனால் அந்நகரம் வேறொன்றால் புகழ்பெற்றது. அதன் திருவிழாக்களையும் நாடக சாலைகளையும் இசையையும் நாடி ஐரோப்பாவின் அரசிளங்குமரரும் செல்வரும் அறிஞரும் திரள் திரளாக வந்தனர். அவ்வாறு வந்தவர்கள் ‘கட்டாயம் கேட்கவேண்டும்’ என்று குறித்து வைத்துக்கொண்டது அரண்மனைச் சங்கீதத்தையன்று. அநாதைப் பெண்களின் வாத்திய கோஷ்டியை.

சுவரில் ஒரு மாடம்

வெனிஸ் நகரில் நான்கு பெரிய தரும விடுதிகள் இருந்தன. ஒன்று தீராப் பிணியாளருக்கு; ஒன்று திக்கற்றவர்க்கு; ஒன்று பிச்சையெடுத்துத் திரிந்தோர்க்கு. இம்மூன்றிலும் ஆதரவற்ற பெண்குழந்தைகளும் வைத்து வளர்க்கப்பட்டனர். நான்காவது விடுதியின் பெயர் பியெத்தா. அச்சொல்லுக்கு இரக்கம் என்பது பொருள். பியெத்ரோ என்ற பிரான்சிஸ்கன் துறவியின் முயற்சியால் 1346-ஆம் ஆண்டில் தோன்றிய இவ்விடுதி, பெற்றோரால் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கென்றே ஏற்பட்டது.

விடுதியின் சுவரில் ஒரு சிறு மாடம் உண்டு. குழந்தையை வளர்க்க இயலாத தாய் அதனை அம்மாடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். சிலர் குழந்தையோடு ஒரு பாதி நாணயத்தையோ, கிழிந்த படத்தின் ஒரு பாதியையோ வைத்து, மற்றப் பாதியைத் தம்மோடு எடுத்துச் செல்வர். என்றேனும் காலம் மாறினால் இரண்டு பாதிகளையும் பொருத்திக் காட்டிப் பிள்ளையைத் திரும்பப் பெறலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பொருந்திய பாதிகள் சில. பொருந்தாமலே கிடந்தவை பல. விடுதியில் சேர்ந்த குழந்தையின் உடலில், பியெத்தா என்ற பெயரின் முதலெழுத்தைச் சூட்டுக்கோலால் பொறித்து அடையாளம் இட்டனர்.

அவ்விடுதிச் சுவரில் 1548-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. வளர்க்க வசதியிருந்தும் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடுவோரைக் கடவுள் சாபம் பற்றும் என்று போப்பாண்டவரின் பெயரால் அக்கல் அச்சுறுத்துகின்றது. சாபம் பெற்றோர் இருவருக்கும் பொதுவாகவே எழுதப்பட்டது. ஆனால் இரவின் இருளில் முகத்தை மூடிக்கொண்டு அம்மாடத்தை நாடி வந்தவள் தாயே என்பதையும், குழந்தைக்குக் காரணமான ஆண்மகன் பல சமயம் எந்தக் கல்லுக்கும் அஞ்சாமல் ஊரில் உலாவியிருப்பான் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

குழந்தைகள் முதலில் செவிலியரிடம் பாலுண்ண அனுப்பப்பட்டன. அக்காலத்துச் சாவுக்குத் தப்பிப் பிழைத்தவை விடுதிக்குத் திரும்பின. ஆண்பிள்ளைகள் வயது வந்ததும் தொழில் கற்று வெளியே போயினர். பெண்பிள்ளைகளுக்கு வழிகள் மூன்றே: சிறு சீதனத்தோடு கலியாணம், கன்னிகாஸ்திரீகள் மடம், அல்லாவிடின் ஆயுள் முழுவதும் அவ்விடுதி. பெரும்பாலோர் நூல் நூற்றும், பின்னல் வேலை செய்தும், துணி வெளுத்தும், நோயாளரைப் பேணியும் வாழ்ந்தனர். இவர்களைப் பொதுப் பெண்கள் என்று விடுதிக் கணக்கு குறிக்கின்றது. குரலும் செவியும் நன்றாக வாய்ந்த ஒரு சிலரை மட்டும் பொறுக்கியெடுத்து இசைக் குழுவில் சேர்த்தனர். பல நூறு பேருள் அக்குழுவிற் சேர்ந்தவர் சில பத்துப் பேரே.

இசை ஏன் கற்பித்தார்கள்? தேவாலயத்தில் பாட ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆயின் மற்றொன்றும் உண்டு. நல்ல இசை இருந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் நாற்காலிக்கு வாடகை கிடைக்கும். செல்வர் மனமிளகிக் காணிக்கை இடுவர். மரணசாசனத்தில் சொத்தும் எழுதி வைப்பர். இரக்கமும் வரவு செலவுக் கணக்கும் ஒன்றாய்க் கைகோத்துச் சென்ற ஏற்பாடு அது. அதனால் விளைந்த நன்மையையும் தீமையையும் இனிக் காண்போம்.

செந்தலைப் பாதிரியார்

1703-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பியெத்தா விடுதியின் நிருவாக சபை, இருபத்தைந்து வயதுடைய ஓர் இளம் பாதிரியாரைப் பிடில் ஆசிரியராக நியமித்தது. ஆண்டுச் சம்பளம் 60 டக்காட். அவர் பெயர் அந்தோனியோ விவால்டி. 1678-ஆம் ஆண்டில் வெனிஸிலேயே பிறந்தவர். தந்தை முதலில் நாவிதத் தொழில் செய்து, பின்னர்ப் பிடில் வித்துவானாக உயர்ந்தவர். மகனுடைய தலைமயிர் சிவந்திருந்தமையால் ஊரார் அவரைச் செம்பாதிரியார் என்றே அழைத்தனர். மார்பு நோய் காரணமாகப் பூசை செய்வதை விரைவில் விட்டுவிட்டார், இசையை விடவில்லை.

ஆசிரியர் வேலை நிலையானதன்று. ஆண்டுதோறும் சபையார் வாக்கெடுத்து அவரை நீட்டிக்கவேண்டும். 1709-ஆம் ஆண்டில் வாக்கெடுப்பில் தோற்று வேலையிழந்தார். 1711-ஆம் ஆண்டில் மீண்டும் அழைக்கப்பெற்றார். 1723-ஆம் ஆண்டில், அவர் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் இரண்டு கான்செர்ட்டோ எழுதித் தரவேண்டும் என்று சபை ஏற்பாடு செய்தது. கான்செர்ட்டோ என்பது, ஒரு வாத்தியம் முன்னின்று தன் திறமையைக் காட்ட, மற்ற வாத்தியங்கள் யாவும் சேர்ந்து அதற்கு விடைகூறுவதுபோல் அமைந்த இசை வகை. இவ்வகையை அதன் முழு வடிவுக்குக் கொணர்ந்தோருள் தலையாயவர் விவால்டி. 1711-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய பன்னிரண்டு கான்செர்ட்டோக்களுள் சிலவற்றை ஜெர்மனி தேசத்து மேதை பாஹ் எடுத்து, ஆர்கன் முதலிய வாத்தியங்களுக்கு ஏற்ப மாற்றி எழுதிக் கற்றார் என்றால் வேறு சான்று வேண்டுவதில்லை.

இங்கு நேயர்கள் ஒன்றைக் கருதவேண்டும். ஒரு வாத்தியத்திற்கு இசை எழுதுகிறவன் அதனை வாசிக்க வல்லவரை மனத்திற் கொண்டே எழுதுவான். கையாலாகாதவர்க்கு எவனும் கடினமான இசையை எழுதித் தருவதில்லை. விவால்டி பிடிலுக்கு மட்டுமா எழுதினார்? செல்லோ என்னும் பெரும் பிடிலுக்கும், ஓபோ என்னும் ஊதுகுழலுக்கும், அதனினும் நீண்ட பஸூனுக்கும், மாண்டலினுக்கும், புல்லாங்குழலுக்கும் எழுதினார். இத்தனை வாத்தியங்களிலும் வல்ல மாணவியர் அவ்விடுதியில் இருந்தமை அவருடைய மேதைமைக்கு ஒரு பெருந்துணையாயிற்று. ஆசிரியர் மாணவியரை உருவாக்கினார் என்பது மெய். மாணவியர் ஆசிரியரை உருவாக்கினர் என்பதும் அதே அளவு மெய்.

கருவியே குடிப்பெயர்

இப்பெண்களுக்கு ஞானஸ்நானப் பெயர் உண்டேயன்றிக் குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே அவரவர் வாசித்த கருவியே பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிடில் அன்னா மரியா, ஓபோ பெலெக்ரீனா என்றவாறு விடுதி ஏடுகளில் காண்கின்றோம். நமது நாட்டில் பெயரின் பின்னே சாதியை ஒட்டிக்கொண்டு பெருமிதம் கொள்வோர் இதனைக் கவனிப்பாராக. பிறப்பு தந்த பட்டத்திற்கும் உழைப்பு தந்த பட்டத்திற்கும் உள்ள வேற்றுமை இதனால் நன்கு விளங்கும்.

அன்னா மரியா ஏறக்குறைய 1696-ஆம் ஆண்டில் பிறந்தவள். விவால்டி ஆசிரியராக வந்தபோது அவளுக்கு ஏழு வயதிருக்கலாம். பிடிலிலே தொடங்கி, செல்லோ, மாண்டலின், ஹார்ப்ஸிகார்டு எனப் பல வாத்தியங்களில் தேர்ந்தாள். விவால்டி அவளுக்கென்றே இருபதுக்கு மேற்பட்ட கான்செர்ட்டோக்களை எழுதினார். அவள் பெயர் பொறித்த இசையேடு ஒன்று வெனிஸ் இசைக் கல்லூரியில் இன்றும் இருக்கின்றது. நாளடைவில் அவளே ஆசிரியையாகிச் சிறுமியர்க்குக் கற்பித்தாள். அவளிடம் கற்ற கியாரா என்பவள் அடுத்த தலைமுறையின் சிறந்த பிடில் வித்தகியானாள். வேறு சிலர் வாசிப்பதோடு அமையாமல் தாமே இசை இயற்றவும் செய்தனர். அகத்தா, சாந்தா என்ற இரு பெண்களின் இயற்றல்கள் கையெழுத்தில் எஞ்சியுள்ளன.

இவ்வாறு மூத்தவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையே அக்குழுவின் உயிர்நாடி. வெளியிலிருந்து வந்த ஆண் ஆசிரியர் சிலரே; அன்றாடம் பக்கத்தில் அமர்ந்து, விரலைப் பிடித்து, தாளம் தவறினால் திருத்தியவர்கள் விடுதிப் பெண்களே. ஆசிரியர் போனாலும் வித்தை போகவில்லை. விவால்டி பலமுறை ஊரைவிட்டுச் சென்றிருந்த காலத்திலும் கோஷ்டி தளராமல் நின்றதற்கு இதுவே காரணம்.

1716-ஆம் ஆண்டில் துருக்கியரோடு வெனிஸ் போரிட்டுக்கொண்டிருந்தபோது, யூதித்து என்னும் வீரப்பெண்ணின் கதையை விவால்டி இசைக்காவியமாக அமைத்தார். பகைவனுடைய சேனாதிபதியின் பாசறைக்குட் சென்று அவன் தலையைக் கொய்து தன் ஊரைக் காத்தவள் யூதித்து. அக்காவியத்தில் யூதித்தின் பாகத்தைப் பாடியவள் கத்தரீனா. சேனாதிபதி ஒலோபெர்னஸின் பாகத்தைப் பாடியவள் அப்பொலோனியா. ஆண்வேடம் எதற்கும் ஆணைத் தேடவில்லை. பாடியோரும் பெண்கள், பிடில் முதல் பேரிகை வரை வாசித்தோரும் பெண்கள். ஐரோப்பாவின் பல தேவாலயங்களில் பெண் பாடுவதே தகாது என்றிருந்த காலம் அது.

கிராதி

ஆயினும் இத்தனை புகழ் பெற்ற கோஷ்டியைக் கேட்டவர்களுள் அதனைக் கண்ணாரக் கண்டவர் மிகச் சிலர். தேவாலயத்தின் இருபுறமும் உயரத்தில் அமைந்த மாடங்களில் அவர்கள் இருந்து வாசித்தனர். மாடத்தின் முன்னே இரும்புக் கிராதி; அதன்மேல் மெல்லிய திரை. கீழிருப்போர்க்கு ஒலி கேட்கும்; உருவம் நிழலாட்டமாகவே தெரியும். கோயிலுக்குள் கைதட்டலாகாது என்பது விதி. ஆகையால் மகிழ்ச்சி மிக்கவர்கள் இருமியும், மூக்கைச் சிந்தியும், காலால் தரையைத் தேய்த்தும் தம் பாராட்டைத் தெரிவித்தனராம்! அந்த இருமலையும் தேய்ப்பையும் மேலிருந்து கேட்ட பெண்களின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1739-ஆம் ஆண்டில் வெனிஸ் வந்த ஷார்ல் த பிரோஸ் என்னும் பிரெஞ்சு நியாயாதிபதி, பெண்கள் பிடிலும் குழலும் ஆர்கனும் செல்லோவும் பஸூனும் வாசிப்பதைக் கேட்டு வியந்து, எவ்வளவு பெரிய வாத்தியத்தைக் கண்டும் அஞ்சாதவர்கள் இவர்கள் என்று நண்பர்க்கு எழுதினார். 1770-ஆம் ஆண்டில் வந்த ஆங்கில இசை அறிஞர் சார்லஸ் பர்னி, பிச்சைக்காரர் விடுதியென்னும் மற்றொரு விடுதியில் தனிக் கச்சேரி ஒன்றைக் கண்டு, கொம்பு வாத்தியமும் டபிள் பாஸும்கூடப் பெண்கள் கையில் இருந்ததைக் குறித்து வைத்தார்.

கிராதி இரும்பால் ஆனது மட்டுமன்று, எழுத்தாலும் ஆனது. இசைக் குழுவைச் சேர்ந்த பெண் மணம் செய்துகொண்டு வெளியேற விரும்பினால், இனிப் பொது இடங்களில் பாடுவதுமில்லை, வாசிப்பதுமில்லை என்று உறுதி அளிக்கவேண்டும். கணவனாக வருபவனும் அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட வேண்டும். பதினைந்து இருபது ஆண்டுகள் பாடுபட்டுக் கற்ற வித்தையை விடுதியின் வாயிலில் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பதே இதன் பொருள். வித்தை வேண்டுமா, வீடு வேண்டுமா என்ற கேள்வியை எந்த ஆண் வித்துவானிடத்தும் அந்நகரம் கேட்கவில்லை. அன்னா மரியா வீட்டைத் தேடவில்லை. 1782-ஆம் ஆண்டில், எண்பதைக் கடந்த கிழவியாக, தான் குழந்தையாய் வந்து சேர்ந்த அதே விடுதியில் கண்மூடினாள்.

ரூசோ கண்டதும் காணாததும்

சமத்துவக் கொள்கையின் பிதாக்களுள் ஒருவராக நாம் போற்றும் ரூசோ, இளமையில், 1743–44-ஆம் ஆண்டுகளில், வெனிஸிலிருந்த பிரெஞ்சு ஸ்தானிகரின் காரியதரிசியாக இருந்தார். பிச்சைக்காரர் விடுதியின் தேவாலயத்தில் அப்பெண்களின் பாட்டைக் கேட்டு அவர் மயங்கினார். கிராதிக்குப் பின்னால் இருப்பவர்கள் தேவதைகளைப்போல் அழகுடையவராய் இருக்கவேண்டும் என்று அவர் மனம் கற்பித்துக்கொண்டது. விடுதி நிருவாகிகளுள் ஒருவராகிய நண்பர் அவரை உள்ளே விருந்துக்கு அழைத்துச் சென்று ஒவ்வொருத்தியாக அறிமுகப்படுத்தினார். ஒருத்தி அழகற்றவள், ஒருத்திக்கு ஒரு கண் இல்லை, ஒருத்தியின் முகமெல்லாம் அம்மை வடு. ரூசோ மனமொடிந்து போனாராம். பின்னர் அவர்களோடு பேசப் பேச, அவர்களிடத்தில் இனிமையைக் கண்டதாகவும், திரும்பக் கோயிலில் பாட்டைக் கேட்டபோது பழைய மயக்கமே வந்ததாகவும் தம் வரலாற்றில் ஒளியாமல் எழுதியிருக்கின்றார்.

ஒளியாமல் எழுதிய நேர்மையைப் பாராட்டுகின்றோம். ஆனால் மனிதருள் ஏற்றத்தாழ்வு எவ்வாறு தோன்றிற்று என்று 1755-ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதிய அதே பேரறிஞர், அந்த ஒற்றைக்கண் பெண்ணின் வித்தையைக் கேட்டபின்னும் அவளுடைய கண்ணையே எண்ணினார் என்பது நமக்கு ஒரு பாடம். அம்மைத் தழும்பும் ஊனமும் அவர்கள் பட்ட வறுமையின் முத்திரைகள். அந்தக் குரலோ அவர்கள் தாமே உழைத்துத் தேடிக்கொண்டது. பெண்ணின் திறமையைப் பாராட்டப் புகுந்து அவள் முகத்தில் போய் முடிகின்ற வழக்கம் ரூசோவோடு ஒழிந்துவிடவில்லை. நம் கச்சேரி மண்டபங்களிலும் அதனைக் காணலாம்.

வெளியே வந்த ஒருத்தி

கிராதியைக் கடந்து வந்தால் இவர்களால் என்ன செய்திருக்க முடியும்? இக்கேள்விக்கு விடையாக ஒருத்தி இருந்தாள். மதலேனா லொம்பார்தீனி என்பவள் 1745-ஆம் ஆண்டில் பிறந்து, ஏழு வயதளவில், தெரிந்தெடுக்கும் பரீட்சையில் தேறி, பிச்சைக்காரர் விடுதியில் இசைக்கெனச் சேர்க்கப்பட்டவள். அவள் கைவிடப்பட்ட குழந்தையல்லள். ஆயினும் வறிய குடும்பத்தினள். அவள் திறமையை அறிந்த பாதுவா நகரத்துப் பிடில் மேதை தர்த்தீனி, வில்லை எப்படிப் பிடிப்பது, எப்படி மெதுவாகத் தொடங்கி ஒலியை வளர்ப்பது என்று 1760-ஆம் ஆண்டில் அவளுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அச்சிறு பெண்ணுக்கு எழுதிய கடிதம் பின்னர் அச்சாகி, பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, பிடில் பயில்வோர்க்கெல்லாம் பாடமாயிற்று.

1767-ஆம் ஆண்டில் அவள் லொதொவீக்கோ சிர்மென் என்ற பிடில் வித்துவானை மணந்து, விடுதியின் இசைவோடு வெளியேறினாள். அடுத்த ஆண்டு பாரிஸிலும், 1771-ஆம் ஆண்டு இலண்டனிலும் மேடையேறி, தான் இயற்றிய கான்செர்ட்டோக்களைத் தானே வாசித்தாள். அவை அச்சாயின. சால்ஸ்பர்க் நகரில் அவற்றுள் ஒன்றைக் கேட்ட மொஸார்ட்டின் தந்தை, அதன் அமைப்பைப் புகழ்ந்து மகனுக்குக் கடிதம் எழுதினார். வெனிஸ் நகரத்துப் பெண்ணொருத்தி, தன் முழுப் பெயரோடு, முகத்தை மறைக்காமல், தன் இசைக்குத் தானே உரியவளாக ஐரோப்பாவின் தலைநகர்களில் நின்றாள். ஒருத்திக்குக் கதவு திறந்தது. திறவாத கதவுகளுக்குப் பின்னே அவள் போன்றார் எத்தனை பேர் இருந்தனரோ!

எஞ்சியது என்ன?

1741-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் விவால்டி வியன்னாவில் வறியவராய் இறந்தார். அவருடைய இசையும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் உறங்கிற்று. விடுதிகள் பலவும் கடனில் மூழ்கின. 1782-ஆம் ஆண்டில் ரஷ்ய இளவரசர் வந்தபோது விடுதிப் பெண்கள் மூன்றடுக்கு மேடையில் நின்று நடத்திய பெருங்கச்சேரியைக் குவார்டி என்ற ஓவியர் தீட்டியிருக்கின்றார். அணையப் போகும் விளக்கின் கடைசி ஒளி அது. 1797-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது, கோஷ்டிகளும் நாளடைவில் கலைந்தன. பியெத்தா மட்டும் பிள்ளைகளுக்கும் தாய்மார்க்கும் உதவும் தரும ஸ்தாபனமாக இன்றளவும் நிலைத்திருக்கின்றது. கடற்கரையில் நிற்கும் அதன் தேவாலயத்தைக் காட்டி, விவால்டி வாசித்த இடம் இதுவே என்று யாத்திரிகர் மகிழ்கின்றனர். அக்கட்டடம் எழுந்ததோ அவர் இறந்த பின்னரே.

1926-ஆம் ஆண்டில் இத்தாலியில் மடத்துப் பள்ளி ஒன்றில் விவால்டியின் கையெழுத்து ஏடுகள் பெருந்தொகையாகக் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை வாங்கித் தூரின் நகரத்து நூல்நிலையத்திற்கு அளித்தவர்கள் இரண்டு தந்தையர்: ரொபெர்த்தோ போவா, பிலிப்போ ஜொர்தானோ. இருவரும் சிறு குழந்தையைச் சாவிற்குப் பறிகொடுத்தவர்கள். அக்குழந்தைகளின் நினைவாகவே பொருள் தந்தனர். மௌரோ, ரென்ஸோ என்ற அவ்விரு குழந்தைகளின் பெயரையே அந்த ஏட்டுத் தொகுதிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பெற்றோர் கைவிட்ட பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட இசை, பெற்றோர் பறிகொடுத்த பிள்ளைகளின் பெயரால் பிழைத்தது. யூதித்தின் காவியமும் அந்த ஏடுகளிலிருந்தே மீண்டும் வெளிச்சம் கண்டது. இன்று விவால்டியின் பெயரை அறியாத நாடில்லை. அன்னா மரியாவின் பெயரை அறிந்தார் எத்துணை பேர்?

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் இரண்டு உண்மைகளைப் பெறுகின்றோம்.

முதலாவது, திறமை குலத்தில் இல்லை. மாடத்தில் கிடந்த குழந்தைகளின் தந்தை யார், தாய் யார், அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்பதை ஒருவரும் அறியார். பரம்பரை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை நான்கே: ஆசிரியர், வாத்தியம், பயிற்சிக்கு வேண்டிய காலம், கேட்பதற்கு ஒரு கூட்டம். இந்நான்கும் கிடைத்தபோது அவர்கள் அரசவை வித்துவான்களை விஞ்சினர். ஆகவே, தோட்டப்புறத்திலாயினும் நகர்ப்புறத்திலாயினும், நம் பிள்ளைக்கு இசை வராது, படிப்பு வராது, அது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கே உரியது என்று எவரேனும் சொல்வாராயின், இந்நான்கில் எதனை அப்பிள்ளைக்குக் கொடுத்துப் பார்த்தீர் என்று நாம் திருப்பிக் கேட்கவேண்டும்.

இரண்டாவது, பாதி நியாயம் நியாயமாகாது. வெனிஸ் அப்பெண்களுக்கு வித்தையைக் கொடுத்தது. முகத்தையும் பெயரையும் விருப்பத்தையும் கொடுக்கவில்லை. அவர்களுடைய இசையால் விடுதிக்குப் பொருள் வந்தது. நகருக்குப் புகழ் வந்தது. தம் வாழ்வைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை மட்டும் அவர்களுக்கு வரவில்லை. அவ்விடுதியிலேயே பொறுக்கியெடுக்கப்படாமல் துணி வெளுத்து மாய்ந்த பொதுப் பெண்களுக்கோ அந்தப் பாதியும் இல்லை.

நம்மிடையே சங்கங்களும் மன்றங்களும் பள்ளிகளும் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கவும், ஆண்டு விழாவில் அவர்களை மேடையேற்றவும் முற்படும்போது இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளவேண்டும். மேடையேறும் பத்துப் பிள்ளைகளோடு ஏறாத தொண்ணூறு பிள்ளைகளையும் எண்ணவேண்டும். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் வழக்கத்தை உண்டாக்கினால் பொருட்குறை ஒரு தடையாகாது. பியெத்தா அதற்குச் சாட்சி. வாசிக்கின்ற பிள்ளையின் பெயரை அழைப்பிதழில் தலைவர்களின் பெயரினும் சிறிதாக அச்சிடும் வழக்கத்தை விட்டொழிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றாகப் பாடிய பெண்ணும் வாசித்த பெண்ணும் கலியாணத்தன்று தன் பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று எந்தப் பெற்றோரும், எந்தக் கணவனும் கேட்கலாகாது.

வெனிஸின் பெண்கள் இரும்புக் கிராதிக்குப் பின்னே மறைந்து வாசித்த காலம் என்றோ கழிந்தது. நம் வீடுகளில் ஏதேனும் ஒன்று இன்னும் நின்றுகொண்டிருக்குமாயின், அதனைக் கழற்றும் பொறுப்பு நம்முடையதே.